அரசனுக்கு ஆண்டு, ஆளுக்குச் சாவு

தருமபுரி மாவட்டத்தில் வேடியப்பன் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ கொல்லைமேட்டிலோ ஆள் உயரத்துக்குக் குறைவான ஒரு பலகைக்கல் நிற்கும். எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும்; மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். மாடு காணாமல் போனால் அதற்கு வேண்டிக்கொள்வார்கள். கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். சில குடும்பங்களுக்குக் குலதெய்வம். அந்த வீடுகளில் ஆண்பிள்ளைக்கு வேடியப்பன், பெண்பிள்ளைக்கு வேடியம்மாள் என்று பேர் விழும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் பல கற்களில் ஓர் ஆள் தெரிவான். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள். தலையில் கொண்டை. உடம்பில் அம்பு தைத்திருப்பதைக்கூடச் சில சிற்பிகள் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். காலடியில் ஒரு கெண்டி, ஒரு சிமிழ்; சில கற்களில் ஓட்டிச் செல்லப்படும் மாடுகள். உருவத்துக்கு மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி. அந்த வரிகளில் அவனுடைய பேர் இருக்கிறது. அது வேடியப்பன் இல்லை.

வட்டெழுத்து பதினோராம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்தப் பகுதியில் வழக்கொழிந்தது. வரிகளைப் படிக்க ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று. கும்பிடுவது மட்டும் விட்டுப்போகவில்லை. கும்பிடுகிற தெய்வத்துக்கு ஒரு பேர் வேண்டும். வில்லோடு நிற்பவன் வேடனாகத்தான் இருப்பான் என்று ஊரே ஒரு பேரை வைத்துக்கொண்டது. வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு பேரோடு செத்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒரே வேடியப்பன் ஆனார்கள்.

இந்த வரிகளை முறையாகப் படிக்கும் வேலை, 1961-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையால் சூடுபிடித்தது. இரா. நாகசாமி துறையின் பொறுப்பில் இருந்த காலத்தில் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராக நடந்து கற்களைப் படியெடுத்தார்கள். 1970களில் ‘செங்கம் நடுகற்கள்’, ‘தருமபுரி கல்வெட்டுகள்’ ஆகிய தொகுதிகள் வெளிவந்தன. அதுவரை தமிழக வரலாறு என்றால் கோயில் சுவரும் செப்பேடும்தான். அவற்றில் பேசுவது அரசன், பிராமணன், வணிகன், ஊர்ச்சபை. மாட்டுக்காக அடிபட்டுச் செத்தவன் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. நடுகல் என்ற இந்தக் கற்களில் அவன்தான் கதாநாயகன்.

வரிகளுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. முதலில் அரசன் பேரும் அவன் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்பதும். அடுத்து அந்த வட்டாரத்தை ஆண்ட வாணர், கங்கர் போன்ற சிற்றரசர்களில் ஒருவர். பிறகு ஊர், யாருடைய சேவகன் என்ற உறவு, செத்தவன் பேர், என்ன நடந்தது. கடைசியில் ‘பட்டான் கல்’. பட்டான் என்றால் செத்தான். அவ்வளவுதான். பிரம்மாவிலிருந்து தொடங்கிப் பரம்பரை சொல்லும் பல்லவச் செப்பேட்டின் ஆலாபனை எதுவும் இல்லை.

இவற்றில் புகழ்பெற்றது, தருமபுரி எல்லையைத் தாண்டியவுடன் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆண்டில், வாண அரசரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் சேவகம் செய்த கருந்தேவகத்தி என்ற இளைஞன் தன் எருமைகளுக்கு அருகில் செத்துப்போனான். கூட ஒரு நாய் இருந்தது. பேர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக்கொண்டு அது காவல் நின்ற கதையும் கல்லில் ஏறியிருக்கிறது. நாயின் உருவமும் அவன் பக்கத்திலேயே நிற்கிறது.

மகேந்திரவர்மன் கி.பி. 590 வாக்கில் பட்டமேறியதாகக் கொண்டால் அந்தச் சாவு 620களின் நடுவில் நடந்திருக்க வேண்டும். அந்த அரசனின் காலத்தை நாம் எதை வைத்து நினைவில் வைத்திருக்கிறோம்? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மண்டகப்பட்டில் குடைந்த கோயில். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நையாண்டி நாடகம். இரண்டாம் புலிகேசியோடு நடந்த சண்டை. கருந்தேவகத்திக்கு இவற்றில் எது தெரிந்திருக்கும் என்று கேட்டால், சண்டை மட்டும் ஏதோ ஒரு வகையில் அவன் பட்டிவரை வந்திருக்கலாம். பல்லவரும் கங்கரும் சாளுக்கியரும் உரசிக்கொண்ட எல்லைநிலம் இது. எல்லையில் போர் என்பது பல சமயம் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுதான். மாடு செல்வம், அதற்குக் கால் இருப்பதால் கொள்ளையடிக்க வசதியான செல்வம். காஞ்சியில் அரசியல் என்று பேசப்பட்டது இங்கே தொறுகோள் என்ற பேரில் நடந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை.

ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆளின் சாவைத் தேதியிட அரசனின் ஆண்டு பயன்பட்டது. பதின்மூன்று நூற்றாண்டு கழித்து அரசனின் காலத்தைக் கணக்கிட அந்த ஆளின் சாவு பயன்படுகிறது. 34-ஆம் ஆண்டு என்று ஒரு கல் சொன்னால் அந்த அரசன் குறைந்தது முப்பத்துமூன்று ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும். அரண்மனைப் புலவர்கள் ஆட்சி எத்தனை ஆண்டு நீடித்தது என்று எழுதிவைக்கவில்லை. எருமைக்காரன் கல்லில் அது கிடைக்கிறது. பல்லவர் காலவரிசையில் சில முடிச்சுகளை அவிழ்க்க இந்தக் காட்டோரக் கற்கள் உதவியிருக்கின்றன.

ஆனால் அவன் எத்தனை வயதில் செத்தான் என்று கல் சொல்வதில்லை. எந்த நடுகல்லும் சொல்லும் வழக்கமில்லை. பிறந்த ஆண்டு கிடையாது; மனைவி, பிள்ளைகள் பெரும்பாலும் கிடையாது. கோவிவனுக்குப் பேர் இருக்கிறது, கருந்தேவகத்தியின் தாய்க்கு இல்லை. பெண்கள் இந்தக் கற்களில் வருவது பிற்காலத்தில். அதுவும் பெரும்பாலும் சதிக்கல்லில், கணவனோடு எரிந்தவளாக, உயர்த்திய ஒரு கையோடு. வாழ்ந்ததற்குக் கல் இல்லை. செத்த விதத்துக்குத்தான் கல்.

தமிழ்நாட்டின் மிகப் பழைய நடுகற்களில் அரசனே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல் ஊரையும் ஆளையும் ஆகோள் என்ற மாடு கவர்தலையும் சொல்லி முடித்துக்கொள்கிறது. யார் ஆட்சி, எந்த ஆண்டு என்ற பேச்சே இல்லை. தகடூர் என்ற பழைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே நடுகல் எழுப்பிப் பீலி சூட்டிக் கள் படைத்ததைப் புறநானூறு காட்டுகிறது. குறுநில மன்னனுக்கும் மாடு காத்தவனுக்கும் அப்போது ஒரே மரியாதைதான். அரூர் வட்டாரத்து இருளப்பட்டி போன்ற இடங்களின் பழைய வட்டெழுத்துக் கற்கள் வருகிற காலத்தில் நிலைமை மாறுகிறது. அரசன் பேர் கல்லின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண ஆளின் முடிவுக்கு அரசாங்கக் காலண்டர் வந்துவிட்டது.

வயதை எழுதுவதில் உரோமாபுரியில் வேறு வழக்கம். அங்கே கல்லறைக் கல்லில், செத்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று எழுதினார்கள். சிலர் மாதம், நாள்வரை எழுதினார்கள். அப்படியானால் அவர்களுக்குத் தங்கள் வயது தெரிந்திருந்ததா? ரிச்சர்ட் டங்கன்-ஜோன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1977-ல் அந்த வயதுகளை எண்ணிப் பார்த்தார். 30, 35, 40, 50 என்று ஐந்தாலும் பத்தாலும் வகுபடும் எண்களிலேயே வயதுகள் குவிந்து கிடந்தன. எழுத்தறிவு குறைந்த இடங்களில் குவியல் அதிகம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படியே. 38 வயதுக்காரர்கள் குறைவு, 40 வயதுக்காரர்கள் ஏராளம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் அந்த மேடுபள்ளத்தைச் சமப்படுத்தவே தனிச் சூத்திரங்கள் வைத்திருக்கிறார்கள்.

வயது தெரியாதவரிடம் வயதைக் கேட்க வேண்டுமானால் ஏதாவது ஒரு பெரிய நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்கெடுப்பாளர்களுக்கு இது பழைய உத்தி: வெள்ளம் வந்தபோது நீங்கள் நடந்தீர்களா, தவழ்ந்தீர்களா? தருமபுரி உள்ளிட்ட பழைய சேலம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி நெடுங்காலம் இருந்தது. தாது வருஷப் பஞ்சம்.

1876-லிருந்து 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்துக்கு முன், 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.67 லட்சம் பேர். 1881-ல் ஏறத்தாழ 16 லட்சம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் பத்தாண்டில் காணாமல் போயிருந்தார்கள். செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் பட்டான் கல் கிடையாது. பல்லவர் காலத்தில் ஒரு மந்தைக்காக ஒருவன் செத்தால் கல் நட்ட நிலத்தில், லட்சக்கணக்கானவர்கள் போனதற்கு ஆங்கிலத்தில் ஓர் அட்டவணைதான் மிஞ்சியது. பிழைத்தவர்கள் அந்த ஆண்டின் பேரை வைத்துக்கொண்டார்கள். “தாது பஞ்சத்துக்கு முந்தி”, “தாதுக்குப் பிந்தி” என்று பிறப்பும் கல்யாணமும் பேசப்பட்டன.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல். தமிழ் ஆண்டுகள் அறுபது. முடிந்ததும் மறுபடி பிரபவ. தாது 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது. தாது வருஷத்தில் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதை எந்தச் சுற்றில் வைப்பது? சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே மனித ஆயுளுக்குள் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. அறுபது முடிந்தவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துவைத்து அதைக் கொண்டாடவும் செய்கிறோம். தாத்தாவின் காலத்தையும் பேரனின் காலத்தையும் ஒரே கோட்டில் வைக்கத்தான் அது உதவாது. குடும்பத்துக்குப் போதுமான கடிகாரம், வரலாற்றுக்குப் போதாது.

பஞ்சத்தின் பலனாகத் தருமபுரிக்கு ஒரு ரயில் வந்தது. தானியம் போய்ச்சேராததால்தான் ஆட்கள் செத்தார்கள் என்று கண்டுகொண்ட அரசாங்கம், வறண்ட பகுதிகளுக்குப் பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் போடத் தொடங்கியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை திறக்கப்பட்டது. 1913-ல் ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1941-ல் அதை மூடித் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் வண்டியை வேடிக்கை பார்த்த பத்து வயதுப் பையனுக்குக் கடைசி வண்டி போகும்போது நாற்பத்தைந்து. சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் புதிய பாதை வழியாகத் தருமபுரிக்கு மறுபடி ரயில் வந்தது 1960களின் கடைசியில். மொரப்பூர் இணைப்பைத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஊருக்கு ரயில் வருவது முன்னேற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே முன்னேற்றம் ஒருமுறை வந்து, ஒரு தலைமுறை இருந்து, கழன்று போயிருக்கிறது.

இந்தப் பின்னணியில் ஒரு கிழவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1925-ல், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா காலமான ஆண்டில், பென்னாகரம் பக்கம் பிறந்தவள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தாண்டுக்கு இந்தியாவின் சராசரி ஆயுள் 27 என்று கணக்கு. எல்லோரும் இருபத்தேழில் செத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிறந்த முதல் ஐந்தாண்டுக்குள் போன குழந்தைகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தார்கள். அம்மை, காலரா, வயிற்றுப்போக்கைத் தாண்டிவிட்டால் ஐம்பது அறுபது என்பது கைக்கு எட்டாத வயதில்லை.

இவள் எண்பதைத் தொட்டாள் என்றால், அவளுடைய காலத்தின் வரலாறு எது? சுதந்திரம், தேர்தல், ஆட்சிமாற்றம் என்று எழுதிவிடலாம். அவள் வீட்டுக்குள் நேராக நுழைந்த அரசியல் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தது. தருமபுரி அப்போது சேலத்தில் சேர்த்தி. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் கள்ளுக்கடை மூடியது. யுத்தக் காலத்தில் விலக்கு தளர்ந்து, 1948-ல் மாகாணம் முழுவதும் மூடியது. 1971-ல், அவளுடைய நாற்பத்தாறாம் வயதில், திறந்தது. இரண்டு மூன்று ஆண்டில் மூடி, 1980களில் மறுபடி திறந்து, 2003-ல் அரசாங்கமே சில்லறைக் கடை போட்டு உட்கார்ந்தபோது அவளுக்கு எழுபத்தெட்டு. அப்பன் குடித்ததும் புருஷன் குடித்ததும் மகன் குடித்ததும் மூன்று வெவ்வேறு சட்டங்களின் கீழ்! இடையில் 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. வீட்டைவிட்டு நகராமலேயே இரண்டு மாவட்டங்களில் அவள் வாழ்ந்து முடித்தாள்.

அவள் வீட்டில் பிறந்தும் கணக்கில் வராமல் போனவர்களையும் சேர்க்காவிட்டால் ஆயுளைப் பற்றிய பேச்சு பொய்யாகிவிடும். 2001 கணக்கெடுப்பில் இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். பெண்சிசுக் கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தருமபுரிக்கும் நீட்ட வேண்டிய நிலை. 2011-ல் அந்த எண் 900-ஐத் தாண்டியது. நடுவே விடுபட்டவர்களின் ஆயுளைச் சில மணிநேரம், சில நாள் என்றுதான் சொல்ல முடியும்.

ஆயுளும் காலமும் மோதுவதை இதைவிட வெளிப்படையாகக் காட்டிய நிகழ்ச்சி இந்த மாவட்டத்தில் ஒன்று உண்டு. 1992 ஜூன் 20-ல் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். வழக்குக்கு அப்போது முப்பத்தோரு வயது. சம்பவத்தின்போது பள்ளி வயதில் இருந்தவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். அரசனின் ஆண்டால் சாவைக் குறித்த காலம் போய், நீதிமன்ற வாய்தாவால் வாழ்க்கையைக் குறிக்கும் காலம். எந்தக் காலத்திலும் கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆளுக்கே சொந்தமான ஒரு தேதி என்பது இங்கே மிகப் புதிய சரக்கு. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1969-ல். சட்டம் இருந்தாலும் மலையடிவாரத்தில் வீட்டுப் பிரசவம் நடந்தால் மணியக்காரரிடம் போய் எழுதிவைப்பவர் குறைவு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பையனின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தொட்டவனுக்குத் தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பெரும்பாலும் ஜூன் மாதச் சேர்க்கைக்கு வசதியாக மே அல்லது ஜூனில். அந்தத் தேதியே வேலைக்கும் ஓய்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆதாரம். முதியோர் உதவித்தொகை 1962-ல் தமிழ்நாட்டில் வந்த பிறகு பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் வயது தேவைப்பட்டது. ஆள் தோற்றத்தை வைத்து மதிப்பிட்டு எழுதினார்கள். வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஆதாரில் இன்னொரு வயது, குடும்ப அட்டையில் மூன்றாவது வயது என்று வைத்திருப்பவர்கள் எந்தக் கிராமத்திலும் உண்டு. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொன்னது. விபத்தில் செத்த ஒருவரின் இழப்பீட்டைக் கணக்கிடும் வழக்கில், அவர் பள்ளிச் சான்றில் இருந்த வயதையே நீதிமன்றம் ஏற்றது.

திருத்தப்பட்ட பதிவுச் சட்டம் 2023 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றும் அதன் பிறகும் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். அதற்கு முதல் நாள் பிறந்த குழந்தைக்குப் பழைய ஏற்பாடுகள் செல்லும்.